குன்னூர் ஓட்டுப்பட்டறை வீட்டுக் குழு: நாளைக்கு ஊசி, ஞாயிறு காதுகுத்து

செவ்வாய், 29 ஜூன் 2021

ராஜம் அத்தை, செந்தில் (கோவை) என்பவரைக் குழுவில் சேர்த்தார்

ராஜம் அத்தை: ஞாயிற்றுக்கிழமை பாப்பாவுக்குக் காதுகுத்து. வீட்டோடுதான், முப்பது பேர். பதினோராம் மாதத்தை விட்டால் இழுத்துக்கொண்டே போகும். தாய்மாமன் மடி வேண்டும் என்று செந்திலைச் சேர்த்திருக்கிறேன்.

பிரபு: முப்பது பேர், வீட்டோடு 😀

செந்தில்: வணக்கம் அத்தை. நீலகிரிக்கு இ-பாஸ் கேட்பார்களே. காரணம் என்ன போடுவது?

பிரபு: மருத்துவ அவசரம். காதில் ஓட்டை.

கவிதா: நாளை புதன்கிழமை. பாப்பாவுக்குத் தட்டம்மை ஊசி மே மாதமே போட்டிருக்க வேண்டும், ஊரடங்கில் விட்டுப்போச்சு. காலையில் யாராவது ஜீப் கொண்டுவர முடியுமா? அவருக்கு முதல் ஷிப்ட்.

ராஜம் அத்தை: ஊசியா? இப்போதா? இதைப் படி.

ராஜம் அத்தை: (பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது) மூன்றாவது அலை குழந்தைகளைத்தான் தாக்கும்!! பச்சைக் குழந்தைகளை எந்த ஊசிக்கும் வெளியே கொண்டுபோகாதீர்கள்!! 10 பேருக்காவது பகிரவும் 🙏🙏

பிரபு: 30 பேரையாவது கூப்பிடவும் 🙏

ராஜம் அத்தை: வாயைக் குறை.

துரை சித்தப்பா: எல்லோரும் பொறுமையாகப் படிக்கவும். அக்கா அனுப்பியதற்கு ஆதாரம் கிடையாது. கொரோனா குழந்தைகளுக்கும் வருகிறது, ஆனால் பெரும்பாலும் லேசாகப் போய்விடுகிறது. ஒரு வயதுக்குள் இருப்பவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும், அது உண்மை. தட்டம்மை வேறு ரகம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி மாதம் ஆக ஆகக் கரைந்துவிடும், அதனால்தான் ஒன்பது மாதம் முடிந்ததும் போடச் சொல்கிறார்கள். பாப்பாவுக்கு இப்போது அதுவும் இல்லை, இதுவும் இல்லை. தட்டம்மைக்காரர் இருந்துவிட்டுப் போன அறையில் இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றிலேயே இருக்கும். யாருக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாத இடத்தில் ஒருவர் 12 முதல் 18 பேருக்குக் கொடுத்துவிடுவார். காங்கோவில் 2019இல் உலகமே எபோலாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதில் போனவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம். அதே சமயத்தில் தட்டம்மையில் 6,000 பேருக்கு மேல், பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். நான் இன்ஸ்டிட்யூட்டில் இருந்தபோது

சரவணன்: சித்தப்பா 2008 வேண்டாம்

துரை சித்தப்பா: 2008இல் நம் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் தயாரிப்பை நிறுத்தச் சொன்னார்கள். நாட்டுக்கே முத்தடுப்பு ஊசி அனுப்பிய இடம். 2010இல்தான்

பிரபு: [புகைப்படம்] கரடி. மறுபடியும் கோயில் கதவு. விளக்கு எண்ணெய் காலி.

ராஜம் அத்தை: ஐயோ, நேற்றுதானே புது டின் வைத்தேன்

செந்தில்: நிஜக் கரடியா??

பிரபு: அதற்கு இ-பாஸ் வேண்டாம்

சரவணன்: மல்லிகா அக்காவுக்குக் காது போனது மணல்வாரியில், அதாவது இதே தட்டம்மையில்தானே அத்தை?

ராஜம் அத்தை: அது சளி முற்றி சீழ் பிடித்தது. யார் யாரோ கண் வைத்தார்கள். உங்கள் அம்மா வீட்டுப் பக்கம்தான்.

மல்லிகா: நான் குழுவில்தான் இருக்கிறேன். காதுதான் கேட்காது.

மல்லிகா: முதலில் மணல்வாரி, அப்புறம் சீழ். ஊசி போடவில்லை. வேப்பிலை மட்டும்தான் போட்டார்கள்.

மல்லிகா: கவிதா, காலை 9 மணி. நானும் வருகிறேன். ஜீப் பிரபு.

பிரபு: சரி அக்கா. டீசல்?

ராஜம் அத்தை: ஊசி போட்டால் ராத்திரியே காய்ச்சல் அடிக்கும். ஞாயிறு சபையில் குழந்தை துவண்டு கிடந்தால் யார் பொறுப்பு?

துரை சித்தப்பா: அக்கா, இந்த ஊசிக்குக் காய்ச்சல் வந்தாலும் ஒரு வாரம் பத்து நாள் கழித்துத்தான் வரும். ஞாயிற்றுக்குள் பெரும்பாலும் வராது.

ராஜம் அத்தை: அப்படியானால் ஞாயிறு நன்றாகத்தான் இருப்பாள். காதுகுத்து உறுதி.

பிரபு: சித்தப்பா 👏👏

கவிதா: சின்ன மாமா!!

துரை சித்தப்பா: நான் அதற்குச் சொல்லவில்லை! முப்பது பேர் மடிக்கு மடி மாற்றி முத்தம் கொடுப்பீர்கள். வீட்டுக் குழந்தைக்குக் கிருமியைக் கொண்டுவருவது பெரியவர்கள்தான். ஐந்து வயது வரை மாஸ்க் வேண்டாம் என்று இந்த மாதம்தான் மத்திய அரசின் சுகாதார இயக்குநரகம் சொல்லியிருக்கிறது. அப்புறம் யார் போட வேண்டும்? கவிதா, பால் கொடுக்கிறவர்களும் கொரோனா ஊசி போடலாம் என்று மே மாதமே சொல்லிவிட்டார்கள், நீயும் போட்டுக்கொள். அக்கா, உங்களுக்கு இரண்டாவது டோஸ்?

ராஜம் அத்தை: எனக்குச் சுகர் இருக்கிறது.

துரை சித்தப்பா: அதனால்தான் முதலில் போட வேண்டும்.

ராஜம் அத்தை: என் கதையை விடு. செந்தில், தோடு?

செந்தில்: வாங்கிவிட்டேன் அத்தை. இரண்டு கிராம்.

ராஜம் அத்தை: இரண்டா. சரி. கல்யாணச் சீர் பார்த்தவர்கள்தானே நாங்கள்.

கவிதா: அத்தை.

செந்தில்: மாமா, ஒரு சந்தேகம். என் பையனுக்கு இந்த மாத ஆரம்பத்தில் பாசிட்டிவ். இப்போது ஓடி ஆடி விளையாடுகிறான். இனி பயம் இல்லையே?

துரை சித்தப்பா: அநேகமாக இல்லை தம்பி. ஆனால் இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள் விடாத காய்ச்சல், கண் சிவப்பு, உடம்பில் தடிப்பு, வயிற்று வலி என்று வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். உடனே குழந்தை டாக்டரிடம் போய், கொரோனா வந்திருந்தது என்று சொல்லுங்கள். அபூர்வம்தான், ஆனால் நாள் கடத்தக் கூடாது.

ராஜம் அத்தை: பாசிட்டிவா? எங்களிடம் சொல்லவே இல்லை?

செந்தில்: குழுவில் இன்றைக்குத்தானே சேர்த்தீர்கள் அத்தை

பிரபு: 😶

சரவணன்: நம் மாவட்டத்துக்கு 5ஆம் தேதி வரை பெரிய தளர்வு கிடையாது. அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாமே.

ராஜம் அத்தை: அப்புறம் ஆடி வந்து நிற்கும். அதற்குள் நாள் இருக்கிறதா, நீயா பார்ப்பாய்?

மல்லிகா: தடுப்பூசி அட்டை எடுத்துவை.

கவிதா: அக்கா, அட்டை கோவையில் அம்மா வீட்டு பீரோவில் 😔

செந்தில்: தேடுகிறேன். போட்டோ போதுமா?

துரை சித்தப்பா: போதும். கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த பிக்மி எண் சொன்னாலும் நர்ஸம்மா பார்த்துக்கொள்வார். அன்றைக்கே வைட்டமின் ஏ சொட்டும் கொடுப்பார்கள், கேட்டு வாங்கு. பாஸ்டர் கதையை ராத்திரி வாய்ஸ் மெசேஜில் அனுப்புகிறேன்.

சரவணன்: வேண்டாம்

மல்லிகா: எனக்கு அனுப்பினால் பரவாயில்லை

பிரபு: 😂😂 டீசல் யார் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை

ராஜம் அத்தை: ஆசாரி ஞாயிறு காலை ஏழு மணி சொல்லியிருக்கிறார். முப்பது வேண்டாம், பதினைந்து.

சரவணன்: அத்தை

ராஜம் அத்தை: பன்னிரண்டு. செந்தில் வாசலிலேயே உட்காரட்டும்.