ஜோன் வார்னொக்குக்கு ஒரு நினைவு மலர் அடிக்கலாமா?

அச்சகத்தான், ஆரையம்பதி

அடோபி மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஜோன் வார்னொக் 2023 ஆகஸ்ட் 19 அன்று காலமாகிவிட்டார். வயது 82. இங்கே யாரும் அதைப் பற்றிப் பேசக் காணவில்லை, எனக்கு மனம் கேட்கவில்லை.

ஊரில் யார் காலமானாலும் 31ஆம் நாள் நினைவு மலரை நாங்கள்தான் அடித்துக் கொடுக்கிறோம். அப்பா காலத்தில் ஈய எழுத்துக் கோத்த அச்சகம் இது. பெட்டியில் ‘ழ’ தீர்ந்துவிட்டால், அடித்து முடிந்த பக்கத்தைக் கலைத்து எழுத்தை எடுத்த பிறகுதான் அடுத்த பக்கம். அந்தக் கஷ்டத்திலிருந்து எங்களைக் கரையேற்றியவர்களில் இந்த மனிதரும் ஒருவர். அவருக்கும் எட்டுப் பக்கத்தில் ஒரு மலர் அடிக்க விரும்புகிறேன். கம்பனியின் பணக்கணக்கு வேண்டாம். அவர் செய்த வேலையைச் சொல்ல உள்ளே என்ன போடலாம்?

வளைகோடு, கல்முனை

போஸ்ட்ஸ்கிரிப்டில் தொடங்குங்கள் அண்ணன். பக்கம் எப்படி விழ வேண்டும் என்று அச்சுப்பொறிக்குச் சொல்லும் கணினி மொழி அது. ஸெரொக்ஸ் ஆய்வுகூடத்தில் வார்னொக்கும் சார்ள்ஸ் கெஷ்கியும் உருவாக்கிய, இதே மாதிரியான இன்டர்பிரஸ் மொழியை அந்த நிறுவனம் சந்தைக்கு விட முன்வரவில்லை. 1982இல் இருவரும் வெளியே வந்து அடோபியைத் தொடங்கினார்கள். எழுத்தைப் புள்ளிக் கூட்டமாக வைக்காமல் கோடும் வளைவுமாக எழுதி வைப்பதுதான் போஸ்ட்ஸ்கிரிப்டின் விசேஷம். அதனால்தான் ‘ணை’யின் சுழி விசிட்டிங் கார்டிலும் பெனரிலும் ஒரே மாதிரி வழுவழுப்பாக விழுகிறது. 1985இல் அப்பிளின் லேசர்ரைட்டர் அச்சுப்பொறி இதோடுதான் வந்தது, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளும் அதே வருடம்.

நடுப்பக்கம் முழுக்க ஒரே ஒரு ‘ழ’ போடுங்கள். அடோபியின் வரையும் மென்பொருளான இலஸ்ட்ரேட்டரில் தெரியும் வளைவுப் புள்ளிகளையும், வளைவைத் திருப்பும் கைபிடிக் கோடுகளையும் மறைக்காமல் அப்படியே அடியுங்கள். பார்க்கிறவர்களுக்கு அதுவே விளங்கப்படுத்தும்.

பாமினிக்காரன், அக்கரைப்பற்று

பீடிஎஃபை விட்டுவிடாதீர்கள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தை வைத்த பாமினி எழுத்துருவில் அடித்த பக்கத்தைச் சீடியில் ஏற்றி கொழும்புக்கு பஸ்ஸில் அனுப்பிய நாட்கள் நினைவிருக்கிறதா? அங்கே அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ‘அம்மா’ என்ற சொல் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாய்ச் சிதறிக் கிடக்கும். எழுத்துருவையும் தனக்குள்ளேயே சுமந்துகொண்டு போகும் பீடிஎஃப் வந்துதான் அந்த வயிற்றெரிச்சல் தீர்ந்தது. 1991இல் கமலொட் என்ற பெயரில் இதை ஒரு சிறு கட்டுரையாக எழுதியவர் வார்னொக். 1993இல் வெளியானபோது பெரிதாக விற்கவில்லை, ஆனாலும் அவர் கைவிடவில்லை. 2008இல் அது சர்வதேசத் தரமாகி எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. இந்த மனவுறுதிக்கே ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

கல்லடிப் பிள்ளை

அவருடைய மனைவி மார்வாவும் ஒரு வடிவமைப்பாளர். அடோபியின் முதல் சின்னத்தை வரைந்தவர் அவர்தான். வார்னொக்கின் வீட்டுக்குப் பின்னால் ஓடிய ஓடையின் பெயர்தான் கம்பனிக்கே பெயர். இரண்டையும் சேருங்கள் அண்ணன்.

அச்சகத்தான், ஆரையம்பதி

நன்றி. நடுப்பக்கத்துக்கு ‘ழ’ என்று முடிவாகிவிட்டது. பாமினிக்கார நானா, அந்தச் சிதறிய பக்கங்களில் ஒன்று உங்களிடம் இன்னும் இருந்தால் ஸ்கேன் பண்ணி அனுப்புங்கள், பீடிஎஃப் பக்கத்துக்குப் பக்கத்திலேயே போடுகிறேன். 31ஆம் நாளுக்கு முதல் அடித்துவிடுவேன். கடையில் வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம்.