விடுதியில் தங்கியே ஆக வேண்டுமாம், விலக்கு வாங்குவது எப்படி? (அவசரம்)

ஈசூன் மல்லி – திங்கள், இரவு 11:48

எல்லாருக்கும் வணக்கம். அவசரமாக எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் எனக்கு வகுப்பு தொடங்குகிறது. வளாக விடுதியில் தங்குவது கட்டாயம் என்கிறார்கள். என்னால் முடியாது, வீட்டில் பாட்டி இருக்கிறார். விலக்கு கேட்டு மின்னஞ்சல் போட்டேன். விடுதி வாழ்க்கையும் படிப்பின் ஒரு பகுதி, பொதுவாக விலக்குத் தருவதில்லை என்று இரண்டே வரியில் பதில் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் அறையை உறுதி செய்ய வேண்டும். யாராவது விலக்கு வாங்கியிருக்கிறீர்களா? கடிதம் எப்படி எழுதினீர்கள்? மாதிரி இருந்தால் போடுங்கள், ப்ளீஸ்.

கிளமெண்டி வாசி – திங்கள், இரவு 11:57

எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு? அது தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது. சிங்கப்பூரில் எல்லா மாணவருக்கும் விடுதி கட்டாயம் என்று கிடையாது, நிறையப் பேர் வீட்டிலிருந்துதான் போய் வருகிறார்கள். சில திட்டங்களில் மட்டும்தான் அந்த விதி. என்யுஎஸ்ஸில், அதாவது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில், தெம்புசு, கேப்ட் போன்ற உறைவிடக் கல்லூரிகள் இரண்டாண்டுத் திட்டம், பாடமும் அங்கேயே படுக்கையும் அங்கேயே. 2013-ல் முதல் மாணவர்களைச் சேர்த்து 2025-ல் கடைசித் தொகுதியை அனுப்பிவைத்த யேல்-என்யுஎஸ் கல்லூரி முழுக்கவே உறைவிடக் கல்லூரியாகத்தான் இருந்தது. எஸ்யுடிடி என்ற தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகத்திலும் தொடக்கப் பருவங்களில் விடுதி உண்டு. நீங்கள் எதில் சேர்ந்திருக்கிறீர்கள்?

மேற்குக்கோடி – செவ்வாய், நள்ளிரவு 12:10

நான் என்டியு, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். இங்கே நிலைமை தலைகீழ். முதலாண்டில் அறை கிடைத்துவிடும், அப்புறம் ஹால் (விடுதி) நடவடிக்கைகளில் சேர்ந்து புள்ளி சேர்த்தால்தான் உண்டு. எனக்குப் புள்ளி போதாமல் போய், ஓராண்டு முழுக்க பாசிர் ரிஸிலிருந்து வந்தேன். ரயிலில் தீவின் அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு, அதற்கு மேல் பயனியரில் இறங்கி 179 பேருந்துக்கு வரிசை. ஒரு படுக்கைக்காக எத்தனை பேர் ஏங்குகிறார்கள் தெரியுமா? கொடுக்கிற அறையை வேண்டாம் என்று சொல்லாதே தங்கச்சி.

மூத்த மாணவன் – செவ்வாய், நள்ளிரவு 12:31

ஒவ்வோர் ஆண்டும் இதே கேள்வி வருகிறது, இதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆஃபர் லெட்டரை ஏற்பதற்கு முன்னால் கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டும். நாங்கள் படித்த காலத்தில் ஒவ்வொரு வரியையும் அடிக்கோடிட்டுப் படித்தோம். விதியை ஒப்புக்கொண்டு சேர்ந்துவிட்டு அது எனக்கு வேண்டாம் என்பது முறையல்ல. 'பாட்டி இருக்கிறார்' என்பது ஒரு காரணமே இல்லை. பாதிப் பேர் வீட்டில் பாட்டி இருக்கிறார். அவருக்கு என்ன என்று சொல்லக்கூடத் தெரியாதவருக்கு மாதிரிக் கடிதம் கொடுத்து என்ன பயன்?

பயணப்பெட்டி – செவ்வாய், காலை 6:40

என் அக்கா மகள் அமெரிக்காவில் படிக்கிறாள். அங்கே பல பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவர் வளாகத்தில்தான் இருக்க வேண்டும், ஆனால் யாருக்கு விலக்கு என்று பட்டியலே போட்டுவிடுவார்கள். பெற்றோர் வீடு இத்தனை மைலுக்குள் இருந்தால் விலக்கு. திருமணமானவர், குழந்தை உள்ளவர், 21 வயது முடிந்தவர், ராணுவத்தில் இருந்தவர் என்று இன்னும் உண்டு. தேசிய சேவை என்ற கட்டாய ராணுவச் சேவையை முடித்துவிட்டுப் போகும் நம் பையன்களில் சிலர் வயதை வைத்தே தப்பிவிடுகிறார்கள். என் கணிப்பில் தூரம்தான் முக்கியம். உங்கள் வீட்டிலிருந்து வளாகத்துக்கு எத்தனை கிலோமீட்டர்? அதைக் கடிதத்தின் தொடக்கத்திலேயே எழுதுங்கள்.

கிளமெண்டி வாசி – செவ்வாய், காலை 6:58

அண்ணே, இந்தத் தீவே கிழக்கு மேற்காக சுமார் 50 கிலோமீட்டர்தான். அந்த மைல் கணக்கில் பார்த்தால் இங்கே எல்லாருமே பக்கத்து வீட்டுக்காரர்கள். தூரத்தைச் சொன்னால், 'அதற்காகத்தானே அறை தருகிறோம்' என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள்.

ஈசூன் மல்லி – செவ்வாய், காலை 7:25

பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாமே, விஷயம் முடியட்டும். திட்டத்தோடு விடுதியும் சேர்ந்தே வருகிறது. பாட்டிக்கு முதுமை மறதி நோய். தற்காலிக வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், மதியம் வருகிறேன்.

செங்காங் அக்கா – செவ்வாய், காலை 9:05

மல்லி, என் மாமியாருக்கு ஆறு ஆண்டாக இதே நோய், அதனால் கேட்கிறேன் மா. பாட்டியோடு இரவில் யார் இருக்கிறார்கள்? அம்மா அப்பா இருவரும் உண்டா, என்ன நேரத்து வேலை? பாட்டி இரவில் எழுந்து கதவைத் திறக்கிறாரா? மருத்துவர் எழுதிய மெமோ கையில் இருக்கிறதா? கடைசியாக ஒன்று, உனக்குப் பிரச்சினை விடுதிக் கட்டணமா, இரவா? இரண்டும் வேறு வேறு. பணம் என்றால் போக வேண்டிய வாசல் ஒன்று, இரவு என்றால் இன்னொன்று.

தெக்கோங்2009 – செவ்வாய், காலை 10:20

அக்கா கேட்டது சரியான கேள்வி. தேசிய சேவையில் நானும் இதைச் சந்தித்தேன். அப்பாவுக்கு வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம். ஸ்டே-அவுட், அதாவது முகாமில் தங்காமல் வீட்டுக்குப் போய்வரும் அனுமதி கேட்டு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு வாரண்ட் ஆபிசர் கூப்பிட்டு, "தம்பி, உன் சோகம் எனக்குப் புரிகிறது. உனக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு வெளியே போகணும்? அதைச் சொல்" என்றார். டயாலிசிஸ் அட்டவணையை மட்டும் ஒட்டி அரைப் பக்கம் எழுதினேன், அனுமதி கிடைத்தது. காரணத்தை விட, நாம் கேட்பது எவ்வளவு என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

ஈசூன் மல்லி – செவ்வாய், மதியம் 1:12

அப்பா இல்லை. அம்மா பாதுகாவலர் வேலை பார்க்கிறார், இரவு 8 முதல் காலை 8 வரை, வாரத்துக்கு நான்கு அல்லது ஐந்து இரவு. மூவறை வீடு. பகலில் பாட்டி பராமரிப்பு நிலையத்துக்குப் போய் மாலையில் வந்துவிடுவார். பொழுது சாய்ந்ததும் அவருக்குக் குழப்பம் அதிகமாகும். சிராங்கூன் ரோட்டில் இருந்த பழைய வீட்டுக்குப் போகணும் என்று கிளம்பிவிடுவார். போன மாதம் ஒரு நாள் நான் குளித்துக்கொண்டிருந்தபோது லிப்ட் வரை போய்விட்டார். இரவுதான் பிரச்சினை அக்கா. பணமும்தான், ஆனால் முதலில் இரவு. கடிதத்தில் இதையெல்லாம் எழுதவில்லை. "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று மட்டும் போட்டேன்.

மேற்குக்கோடி – செவ்வாய், மதியம் 1:30

தங்கச்சி, முழுக்கத் தெரியாமல் பேசிவிட்டேன், மன்னித்துக்கொள். ஒரு பணிப்பெண் வைக்க முடியாதா? வீட்டில் 67 வயதோ அதற்கு மேலோ ஆனவர் இருந்தால், பணிப்பெண்ணுக்காக அரசுக்குக் கட்டும் தீர்வை மாதம் 300-க்குப் பதில் 60 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தானே.

மூத்த மாணவன் – செவ்வாய், மதியம் 1:41

தீர்வை 60 என்றால் சம்பளம் யார் கொடுப்பது? மூவறை வீட்டில் இரண்டு படுக்கையறை, அந்தப் பெண் எங்கே படுப்பார்? சரி, முதல் பதிவிலேயே இதையெல்லாம் எழுதியிருந்தால் ஒரு நாள் வீணாகியிருக்காது. ஒன்று சொல்கிறேன், பேத்தி என்ற முறையில் இது உன் கடமை. திட்டத்தை விட்டுவிடு. படிப்பை வீட்டிலிருந்தே முடிக்கலாம்.

கிளமெண்டி வாசி – செவ்வாய், மதியம் 1:55

பேரனாக இருந்தால் இதே வார்த்தை வருமா? "தம்பி, நீ தைரியமாகப் போ, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றுதானே சொல்வோம்? பத்தொன்பது, இருபது வயதுப் பெண் கஷ்டப்பட்டு இடம் வாங்கியிருக்கிறாள். கடமை, கடமை என்று சொல்லி அவள் தலையிலேயே கட்டிவிட வேண்டாம்.

பயணப்பெட்டி – செவ்வாய், மதியம் 2:20

ஆண், பெண் என்று பிரிக்காதீர்கள். என் அம்மாவை நான்தான் பார்த்துக்கொண்டேன், குளிப்பாட்டினேன், ஊட்டினேன். ஆனால் எனக்கு அப்போது 45 வயது, படிப்பும் வேலையும் ஒரு நிலைக்கு வந்துவிட்டன. தொடங்கும் இடத்தில் நிற்கும் பிள்ளையை அதோடு ஒப்பிடக்கூடாது. அதைத்தான் சொல்கிறேன்.

மூத்த மாணவன் – செவ்வாய், மதியம் 2:34

அவள் பெண் என்பதற்காக நான் சொல்லவில்லை. வீட்டில் வேறு ஆளே இல்லை என்பதற்காகச் சொன்னேன். வளர்த்த பாட்டியைத் தனியே விட்டுவிட்டு யாராலும் நிம்மதியாகப் படிக்க முடியாது. அதில் நான் மாறப் போவதில்லை.

செங்காங் அக்கா – செவ்வாய், மாலை 5:50

சண்டையை நிறுத்துங்கள், பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை கெடு இருக்கிறது.

மல்லி, நீ பாட்டியோடு இருக்க விரும்புகிறாயா, வேறு வழியில்லை என்று இருக்கிறாயா என்பது உனக்கும் அம்மாவுக்கும் இடையில். நான் தாள்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பாட்டி பார்க்கும் மருத்துவரிடம் மெமோ கேள். "டிமென்ஷியா" என்ற ஒரு சொல் போதாது. இரவில் தனியே விடக்கூடாது, வெளியே போய்விடும் ஆபத்து உண்டு என்பது எழுத்தில் வர வேண்டும். பாட்டிக்கு வீட்டுப் பராமரிப்பாளர் மானியம் வருகிறதா? 2023-ல் அது மாதம் 400 வெள்ளி வரை ஆனது, 2026 ஏப்ரல் முதல் 600 வரை. ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு மூலம் விண்ணப்பிக்கலாம். அதற்காக ஒரு மதிப்பீடு செய்வார்கள்: குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிவறை போவது, நடமாடுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. இந்த ஆறில் மூன்றுக்காவது எப்போதும் ஆள் துணை வேண்டும் என்றால் தகுதி வரும். ஏற்கெனவே அந்த மதிப்பீடு எடுத்திருந்தால் அதன் நகலையே விலக்குக் கடிதத்தோடு வை. அலுவலகத்தில் இருப்பவருக்கு உன் பாட்டியைத் தெரியாது, அந்தத் தாளைப் படிக்கத் தெரியும். அம்மாவின் வேலை அட்டவணையையும் அவருடைய நிறுவனத்தில் கேட்டு வாங்கு.

கதவுக்கு மேலே ஒரு மணி மாட்டு மா. திறந்தால் சத்தம் வரும். என் மாமியார் வீட்டில் அதுதான் பலமுறை காப்பாற்றியது.

கிளமெண்டி வாசி – செவ்வாய், மாலை 6:15

இன்னொன்று, மிக முக்கியம். கோபத்தில் ஆஃபரையே ரத்து செய்துவிடாதே. இப்படிப்பட்ட திட்டங்களில் பட்டப்படிப்பு இடம் வேறு, உறைவிடத் திட்டத்து இடம் வேறாக இருக்கும். திட்டத்திலிருந்து விலகினாலும் படிப்பு போகாதா என்று முதலில் எழுத்தில் கேட்டு உறுதி செய். போகாது என்று பதில் வந்தால் உன் பயம் பாதி குறைந்துவிடும், அதற்கப்புறம் நிதானமாகப் பேசலாம்.

நான் உறைவிடக் கல்லூரியில் இருந்தவன். இருந்த இரண்டு ஆண்டும் இரவில் யாரும் வந்து தலை எண்ணியதில்லை. கட்டணம் கட்ட வேண்டும், சாப்பாட்டுத் திட்டத்துக்கும் கட்ட வேண்டும், வகுப்புக்கும் கூட்டங்களுக்கும் போக வேண்டும். என் பக்கத்து அறைக்காரன் வாரத்தில் மூன்று இரவு வீட்டில்தான் தூங்கினான். உன் அம்மா வேலைக்குப் போகாத இரவுகளில் நீ அறையில் இருக்கலாம் அல்லவா? ஆனால் இதையும் அவர்களிடம் சொல்லிவிட்டுச் செய். ஒளித்துச் செய்தால் பின்னால் தொல்லை.

தெக்கோங்2009 – செவ்வாய், இரவு 9:02

மாதிரி கேட்டாயே, இதை உன் விவரத்துக்கு மாற்றிக்கொள்:

"முதல் பருவம் முழுவதும் வீட்டிலிருந்து வந்து படிக்க அனுமதி கேட்கிறேன். அது இயலாவிட்டால், அம்மா இரவு வேலை பார்க்கும் நாள்களில் மட்டும் வீட்டில் தங்க அனுமதி தாருங்கள். முதுமை மறதி நோயுள்ள என் பாட்டியை இரவில் தனியே விடக்கூடாது என்று மருத்துவர் எழுதியுள்ளார், மெமோ இணைத்துள்ளேன். இரவு 8 முதல் காலை 8 வரை வீட்டில் வேறு பெரியவர் இல்லை, அம்மாவின் அட்டவணை இணைத்துள்ளேன். திட்டத்தின் வகுப்புகள், கூட்டங்கள் அனைத்திலும் கலந்துகொள்வேன். இரண்டாம் பருவத்துக்கான ஏற்பாட்டை டிசம்பரில் தெரிவிக்கிறேன்."

அவ்வளவுதான். ஒரு பக்கத்துக்கு மேல் போகாதே. மின்னஞ்சலோடு நிற்காமல் நேரில் நேரம் கேள், அம்மாவையும் கூட்டிப் போ.

பயணப்பெட்டி – புதன், காலை 7:15

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மசேநி (மத்திய சேம நிதி) கல்விக் கடன் பாடக் கட்டணத்துக்கு மட்டும்தான், விடுதிக்கு எடுக்க முடியாது. வாழ்க்கைச் செலவுக்கு உதவும் கல்விக் கடன் தனியாக இருக்கிறது, பல்கலைக்கழக நிதி உதவி அலுவலகத்தில் கேளுங்கள். சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவிடமும் ஒரு முறை பேசிப் பாருங்கள்.

மூத்த மாணவன் – புதன், காலை 8:00

தம்பி எழுதிய கடிதம் நன்றாக இருக்கிறது. 'தாழ்மையுடன்' என்று ஒரு சொல் சேர்த்தால் குறைந்துவிடாது. வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காமல் இன்றே அனுப்பு.

கிளமெண்டி வாசி – வியாழன், இரவு 10:11

மல்லி, என்ன ஆயிற்று?

செங்காங் அக்கா – வெள்ளி, மதியம் 12:40

பிள்ளை ஒன்றும் எழுதவில்லையே. இன்று கடைசி நாள்.

ஈசூன் மல்லி – சனி, இரவு 11:20

பதில் போடாததற்கு மன்னிக்கவும், பாட்டிக்குக் காய்ச்சல். வியாழக்கிழமை அம்மாவோடு நேரில் போனேன். மெமோவையும் அட்டவணையையும் பார்த்துவிட்டு, முன்னமே ஏன் இதைத் தரவில்லை என்று கேட்டார்கள். முதல் பருவம் வீட்டிலிருந்து வரலாம், அறைக் கட்டணம் வேண்டாம் என்றார்கள். வாரம் ஒரு மாலைக் கூட்டத்துக்குக் கட்டாயம் போக வேண்டும். ஜனவரியில் மறுபடி பேச வேண்டும். எல்லாருக்கும் நன்றி. கதவுக்கு மணி மாட்டிவிட்டோம் அக்கா.

செங்காங் அக்கா – ஞாயிறு, காலை 6:30

சந்தோஷம் மா. அந்த ஒரு மாலை எந்தக் கிழமை? அன்றைக்கு அம்மாவுக்கு இரவு வேலை இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வை.