ஊர்ப் பிள்ளைகளின் படிப்பு: வாங்கிக் கொடுப்பதற்கு முன்னால்

வெளியூரில் இருக்கிற நம் ஊர்ச் சங்கத்துச் சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம்.

கல்வி நிதியை எப்படிச் செலவழிக்கலாம் என்று இங்கே வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். கணினி அறை கட்டித் தரலாம் என்கிறார்கள் சிலர். புத்தகமும் பையும் வாங்கிக் கொடுக்கலாம், பரிசுத்தொகை அறிவிக்கலாம் என்கிறார்கள் வேறு சிலர். நமக்குப் பின்னால் வருகிற பிள்ளைகள் நம்மைவிட நன்றாக வர வேண்டும் என்ற ஆசையில்தான் எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அதே ஆசைதான். ஆனால் ஒரு ரூபாயை எடுப்பதற்கு முன்னால் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடுமாறாமல் வாசிக்க வருகிறது?

பள்ளிக்கூடம் இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார், பிள்ளையும் தினமும் போய் வருகிறது. அப்புறம் வாசிக்காமலா இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். உலக வங்கியும் யுனெஸ்கோ, யுனிசெப் போன்ற அமைப்புகளும் 2022-இல் வெளியிட்ட மதிப்பீட்டைப் பாருங்கள். வருமானம் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகளில் 10 வயதுப் பிள்ளைகளில் சுமார் 70 விழுக்காட்டினரால் எளிய பகுதி ஒன்றை வாசித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. கொரோனாவுக்கு முன்பே இது 57 விழுக்காடு. இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பள்ளிக்குப் போகிறவர்கள்தாம்.

இது எப்படி நடக்கிறது என்பதும் மர்மம் இல்லை. முதல் இரண்டு வருடத்தில் எழுத்துக்கூட்டப் பழகாமல் போன பிள்ளை மூன்றாம் வகுப்புக்கு வருகிறது. அங்கே வாசிக்கக் கற்றுத் தருவதில்லை, வாசிக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு பாடம் நடக்கிறது. ஆசிரியருக்குப் போர்ஷனை முடித்தாக வேண்டும். முன் வரிசையில் பதில் சொல்கிற நாலைந்து பேரை வைத்து வகுப்பு ஓடிவிடுகிறது. பின் வரிசைப் பிள்ளை கரும்பலகையைப் பார்த்து அழகாக எழுதுகிறது, வாய்விட்டுப் பாடம் ஒப்பிக்கிறது, எட்டாம் வகுப்பு வரைக்கும் யார் கண்ணிலும் படுவதில்லை.

இதை நேரில் பார்த்தால்தான் உறைக்கும். ஒரு பையனிடம் அவனுடைய புத்தகத்தையே கொடுத்து வாசிக்கச் சொன்னேன். விரலை வரிக்கு வரி நகர்த்தி, கடகடவென்று ஒப்பித்தான். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பிறகு அவன் பார்த்திராத ஒரு தாளில் நாலு வரிக் கதையைக் கொடுத்தேன். ஒற்றைக் கொம்பு வந்த இடத்தில் விரல் நின்றுவிட்டது. ‘கொடி’ என்ற சொல்லில் கொம்பு, க, துணைக்கால் மூன்றும் அவனுக்குத் தனித்தனியாக நின்றன. புத்தகத்தில் அவன் வாசிக்கவே இல்லை, மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறான். கெட்டிக்காரப் பையன், அத்தனை பக்கத்தையும் நினைவில் வைத்திருக்கிறான் பாருங்கள்.

இந்தப் பையனுக்குக் கணினி அறை என்ன செய்யும்? கென்யாவில் 1990-களில் ஊர்ப்புறப் பள்ளிகளுக்குப் பாடப் புத்தகங்களை இலவசமாகக் கொடுத்து ஆய்வு செய்தார்கள். சராசரி மதிப்பெண் ஏறவில்லை, ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகள் மட்டும் இன்னும் கொஞ்சம் முன்னேறினார்கள். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. பல பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி, புத்தகம் கையில் இருந்தும் அவர்களால் அதை வாசிக்க முடியவில்லை. பெரு நாட்டில் லட்சக்கணக்கான மடிக்கணினிகளைப் பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். 2012-இல் வெளியான மதிப்பீட்டில் கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் தெரியவில்லை. ஒழுகாத கூரை வேண்டும், கழிப்பறை வேண்டும், தண்ணீர் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பொருள் போய்ச் சேர்ந்தால் படிப்பும் வந்துவிடும் என்ற நம்பிக்கையை நாம் விட்டாக வேண்டும்.

சரி, எதனால் பயன் கிடைத்திருக்கிறது? இந்தியாவில் பிரதம் என்ற அமைப்பு 1990-களிலிருந்தே இந்த வேலையில் இருக்கிறது. அவர்கள் வீடு வீடாகப் போய் எடுக்கும் அசர் கணக்கெடுப்பில் வாசிப்பைச் சோதிக்கப் பயன்படுவது ஒரே ஒரு தாள்: எழுத்து, சொல், சின்னப் பத்தி, சின்னக் கதை. பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்று சில நிமிடத்தில் தெரிந்துவிடும். மும்பையிலும் வடோதராவிலும் 2000-களின் தொடக்கத்தில் அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த இளம்பெண்களைச் சம்பளம் கொடுத்து அமர்த்தினார்கள். மூன்றாம், நான்காம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளைத் தினமும் சுமார் இரண்டு மணி நேரம் தனியாக உட்காரவைத்து அடிப்படையிலிருந்து சொல்லிக் கொடுத்தார்கள் அந்தப் பெண்கள். கடைசி நிலையில் இருந்த பிள்ளைகள்தாம் அதிகம் முன்னேறினார்கள். அதை ஆராய்ந்த அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்ளோவும், கென்யா ஆய்வில் இருந்த மைக்கேல் கிரெமரும் 2019-இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி உங்களுக்குத் தெரிந்திருக்கும். சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலையில் தங்கள் தெருவில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கொரோனாவில் மூடியிருந்த பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள், பிள்ளைகள் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டுவிட்டார்கள் என்றும், அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் ஆய்வு சொல்கிறது. நிபுணர் யாரும் வெளியிலிருந்து வந்து இதைச் செய்யவில்லை. பக்கத்து வீட்டு அக்கா செய்தார்.

ஊர் மொத்தமும் மாறிய கதையும் உண்டு. பிரேசிலின் வடகிழக்கில் சோப்ரால் என்ற ஊரில் 2000 வாக்கில் சோதித்தபோது, இரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வாசிக்க வரவில்லை. அரசியல் சிபாரிசில் தலைமையாசிரியர்களை நியமிப்பதை நிறுத்தித் தகுதி பார்த்து எடுத்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் முறை தவறாமல் வாசிப்புச் சோதனை வைத்தார்கள். ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்தும் முறையில் தொடர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். 2017-இல் அந்த ஏழை ஊர் நாட்டின் கல்வித் தரப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. பதினைந்து வருடத்துக்கு மேல் விடாமல் செய்திருக்கிறார்கள். நம் சங்கமும் அந்தக் கணக்கில்தான் யோசிக்க வேண்டும் என்பேன்.

ஆகவே என் கருத்து இது. நம் பணம் ஊரிலேயே இருக்கிற, பள்ளிப் படிப்பு முடித்த இளைஞர்களுக்குப் போகட்டும். நாலைந்து பேருக்கு மாதாமாதம் ஒழுங்கான ஊதியம். தலைமையாசிரியரின் சம்மதத்தோடு மாலையில் வகுப்பு. வகுப்பு வாரியாகப் பிரிக்காமல் வாசிப்பு நிலை வாரியாகப் பிரிக்க வேண்டும், மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே குழுவில் உட்காரலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மேலே சொன்ன அசர் தாளால் சோதித்து நமக்கு எழுத வேண்டும். ஆசிரியர்களைக் குறை சொல்லும் வேலையாக இது ஆகிவிடக் கூடாது. அவர்கள் கை கொடுக்காமல் ஒரு பருவம்கூட ஓடாது.

அப்படியானால் வெளியூரில் இருக்கிற நமக்கு என்ன வேலை? நிறையவே இருக்கிறது, ஆனால் அது வேறு வேலை. போட்ஸ்வானாவில் 2020-இல் பள்ளி மூடியிருந்தபோது வாரம் ஒருமுறை பெற்றோரின் போனுக்கு அழைத்து 15, 20 நிமிடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளையின் நிலைக்கு ஏற்ற கணக்கு, அவ்வளவுதான். அதனால் பலன் தெரிந்தது, குறுஞ்செய்தி மட்டும் அனுப்பியதில் அந்த அளவுக்குத் தெரியவில்லை. இன்டர்நெட்கூட வேண்டியிருக்கவில்லை. நம்மில் யாராலும் இதைச் செய்ய முடியும்.

பெரிய பிள்ளைகளுக்கு நாம் இன்னும் அவசியம். டொமினிக்கன் குடியரசில் எட்டாம் வகுப்புப் பையன்கள், மேலே படித்தால் சம்பளம் எவ்வளவு கூடும் என்பதை உண்மையைவிட மிகக் குறைவாக நினைத்திருந்தார்கள். உண்மை விவரத்தைச் சொன்னதால் மட்டுமே அவர்கள் சராசரியாகச் சில மாதங்கள் கூடுதலாகப் பள்ளியில் நீடித்தார்கள். மடகாஸ்கரில் படித்து முன்னேறிய ஒருவரைப் பள்ளிக்கு வரவழைத்துப் பேச வைத்தார்கள். வசதியான குடும்பத்திலிருந்து வந்தவர் பேசியதில் பயன் இல்லை, ஏழை வீட்டிலிருந்து வந்தவர் பேசியது ஏழைப் பிள்ளைகளின் மதிப்பெண்ணை உயர்த்தியது. நம்மில் பாதிப் பேருக்கு முதல் தலைமுறைப் படிப்பு. கட்டணம் கட்ட அம்மா நகையை அடகு வைத்ததையும், முதல் செமஸ்டரில் ஒன்றும் புரியாமல் திண்டாடியதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எங்கள் காலத்தில் இப்படியா என்று தொடங்கும் பேச்சு அவர்களிடம் எடுபடாது.

நான் வாரந்தோறும் பேசுகிற பெண் ஒருத்தி தொடக்கத்தில் எதைக் கேட்டாலும் “எல்லாம் நல்லாப் போகுது” என்பாள். நானும் நலம் விசாரித்துவிட்டுப் போனை வைப்பேன். ஒருநாள், நேற்று நடத்திய பாடத்தை எனக்குச் சொல்லிக் கொடு, எனக்கு மறந்துவிட்டது என்றேன். வேதியியல், மோல் கணக்கு. பாதியில் நிறுத்திவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, பத்தாம் வகுப்பில் விகிதக் கணக்கே சரியாகப் புரியவில்லை என்றாள். அன்றிலிருந்து இருவரும் விகிதத்தில் தொடங்கினோம். வகுப்பில் கேட்க வெட்கப்பட்ட கேள்விகளை இப்போது அவளே எழுதி வைத்திருந்து கேட்கிறாள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் வழிகாட்டிகளையும் சிறுவர்களையும் இணைக்கும் பெரிய அமைப்பு ஒன்றைத் தொடர்ந்து ஆராய்ந்ததில், ஒரு வருடத்துக்கு மேல் நீடித்த உறவுகளால்தான் பிள்ளைகளுக்கு அதிக நன்மை கிடைத்தது. மூன்று மாதத்துக்குள் விட்டுப்போனவர்களால் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பைவிடக் குறைந்துபோனது. ஆர்வத்தில் பெயர் கொடுத்துவிட்டு இரண்டு மாதத்தில் காணாமல் போவதைவிட, பெயர் கொடுக்காமல் இருப்பது அந்தப் பிள்ளைக்கு நல்லது. வேலை மாறப் போகிறவர்கள், கைக்குழந்தை இருப்பவர்கள் அடுத்த வருடம் சேரலாம், தப்பே இல்லை.

அப்புறம், பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளோடு பேசுவது பெற்றோரின் போனில், பெற்றோருக்குத் தெரிந்த நேரத்தில் மட்டுமே. தனிச் செய்தி கூடாது, தனியாகப் பணமும் அனுப்பக் கூடாது. இது யாரையும் சந்தேகப்பட்டு எழுதியது அல்ல, மூத்தவர்கள் உட்பட எல்லோருக்கும் ஒரே விதி இருந்தால்தான் பெற்றோர் தைரியமாகப் பிள்ளையை ஒப்படைப்பார்கள்.

வாரம் அரை மணி நேரம், ஒரு முழு வருடம் ஒதுக்க முடியும் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் எந்தப் பாடம், எந்த நேரம் என்று எனக்கு எழுதுங்கள். தலைமையாசிரியரிடம் பேசி வாசிப்புச் சோதனைக்கு அனுமதி வாங்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். சோதனை முடிவு கையில் வரும் வரைக்கும் கணினி அறைக்கான தொகையைத் தொடாமல் வைத்திருக்கும்படி பொருளாளர் அண்ணனைக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
கல்விக் குழுவிலிருந்து