ஆளில்லாத காருக்கு முன்னால் சாலையைக் கடக்கலாமா?

ஈரோட்டுத் தாத்தா:
சான் பிரான்சிஸ்கோவில் மகள் வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. தெருமுனையில் ஓட்டுநர் இல்லாத டாக்ஸி வந்து நிற்கிறது. ஊரில் ஓட்டுகிறவர் முகத்தைப் பார்த்து, கையைக் காட்டிக் கடந்துதான் பழக்கம். இதில் யார் முகத்தைப் பார்ப்பது? நான் நிற்க, அது நிற்க, பின்னால் வந்தவர் ஹாரன் அடித்தார்.

பொறிவண்டு:
அவர் நம்மைப் பார்த்துவிட்டாரா என்று தெரிந்துகொள்ளத்தானே முகம் பார்க்கிறோம் ஐயா? இதிலுள்ள லைடார், அதாவது லேசர் ஒளியால் சுற்றுப்புறத்தை அளக்கும் கருவி, நாலாபுறமும் பார்க்கும், இருட்டிலும் பார்க்கும். போனை நோண்டாது, தூங்கி வழியாது. தைரியமாக நடங்கள்.

நடராஜா சர்வீஸ்:
பார்த்தால் போதுமா? 2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பி நகரில் ஊபரின் சோதனைக் காரும் பார்க்கத்தான் செய்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்ணை, மோதுவதற்கு 5.6 வினாடிக்கு முன்பே கண்டுவிட்டது. ஆனால் வண்டி என்றது, ஏதோ பொருள் என்றது, அப்புறம் சைக்கிள் என்றது. பெயரை மாற்றும்போதெல்லாம் அவர் எந்தப் பக்கம் நகர்கிறார் என்ற பழைய கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டது. கோடு போடாத இடத்திலும் மனிதர்கள் கடப்பார்கள் என்று அந்த மென்பொருளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்தப் பெண் இறந்துபோனார்.

பொறிவண்டு:
அந்தக் காரில் கண்காணிக்க ஆள் இருந்தாரே! அவர் போனில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காரைத் தயாரித்த வால்வோ அதில் வைத்திருந்த தானியங்கி அவசர பிரேக்கையும் ஊபர் அணைத்து வைத்திருந்தது. இதெல்லாம் மனிதர்கள் செய்த கோளாறு.

நடராஜா சர்வீஸ்:
சரி, 2023 அக்டோபர் 2, தாத்தா இருக்கும் அதே ஊர். வேறொரு கார் இடித்ததில் ஒரு பெண் குரூஸ் என்ற நிறுவனத்தின் ஆளில்லா டாக்ஸி முன்னால் வந்து விழுந்தார். அது பிரேக் போட்டும் அவர்மேல் ஏறி நின்றது. நின்றதோடு விட்டதா? பக்கவாட்டில் ஏதோ மோதியது என்று எண்ணி ஓரங்கட்டக் கிளம்பி, அவரைச் சுமார் 20 அடி இழுத்துக்கொண்டு போனது. மனிதராக இருந்தால் இறங்கிக் குனிந்து பார்த்திருப்பார்.

பொறிவண்டு:
முதலில் இடித்த காரை ஓட்டியவரும் மனிதர்தான். இறங்கவில்லை, ஓடிவிட்டார். ஆனால் இழுத்துக்கொண்டு போனதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. 22 நாளில் கலிபோர்னியா அரசு குரூஸின் உரிமத்தை நிறுத்தியது சரிதான்.
தாத்தா, வேமோ என்ற நிறுவனத்தின் ஆளில்லாத கார்களின் கூரைத் திரையில் நடப்பவருக்கு வழிவிடுவதைக் காட்டும் அடையாளம் உண்டு. அதைப் பாருங்கள்.

ஈரோட்டுத் தாத்தா:
கண்புரை ஆபரேஷன் செய்த கண் தம்பி, உச்சிவெயிலில் கூரை எங்கே தெரியும்? சக்கரம் முழுசாக நின்ற பிறகுதான் காலை எடுத்து வைப்பேன். ஹாரன் அடிப்பவர் அடிக்கட்டும்.