புதுப்பிப்பு: பாப்பர் பர்ன் டெக், 20 மவுண்டனிலிருந்து 17-க்கு

போன இழையில், மேஜிக் தி கேதரிங் அட்டை விளையாட்டில் 'காமன்' அட்டைகள் மட்டுமே செல்லும் பாப்பர் வகைக்குக் கட்டிய என் சிவப்பு பர்ன் டெக் (எதிராளியை மந்திரங்களால் நேரடியாக அடிக்கும் அட்டைக் கட்டு) பாதியில் மூச்சு வாங்குகிறது என்று புலம்பியிருந்தேன். 'நிலத்தைக் குறை, சைட்போர்டைத் திருத்து' (ஆட்டங்களுக்கு நடுவே மாற்றிக்கொள்ளும் 15 உதிரி அட்டைகள்) என்றீர்கள். இரண்டும் செய்தாச்சு.

60 அட்டையில் 20 மவுண்டன் (மந்திரம் வீசத் தேவையான சிவப்பு மானா தரும் நில அட்டை) இருந்தபோது முதல் ஏழு அட்டைகளில் சராசரியாக 2.3 நிலம் வரும். 17 ஆக்கினால் 2 அளவில் நிற்கிறது. லைட்னிங் போல்ட் ஒரே மானாவுக்கு 3 அடி. ஃபயர்பிளாஸ்டுக்கு மானாவே வேண்டாம், இரண்டு மவுண்டனைப் பலி கொடுத்தால் 4 அடி. அப்புறம் எதற்கு அத்தனை நிலம்?

எதிராளியையும் அவருடைய உயிரினத்தையும் சேர்த்து அடிக்கும் சியரிங் பிளேஸை வெளியே எடுக்கத்தான் மனசே வரவில்லை. ஆனால் எதிராளியிடம் உயிரினம் இல்லையென்றால் அது கையில் கிடக்கும் வெறும் காகிதம். சரி என்று இரண்டை மட்டும் சைட்போர்டில் வைத்தேன்.

முன்பு அந்த 15 அட்டையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிய கதம்பம். தேவைப்படும்போது கைக்கு வரவே வராது. இப்போது நீல நிற டெக்குகளுக்கு எதிராக, நீல அட்டைகளை முறிக்கும் பைரோபிளாஸ்ட் நாலு, ஆர்ட்டிஃபாக்ட் (பொருள் அட்டை) டெக்குகளுக்கு நாலு ஸ்மாஷ் டு ஸ்மிதரீன்ஸ். இது பொருளையும் உடைக்கும், அதை வைத்திருப்பவருக்கு 3 அடியும் கொடுக்கும், அதனால் வேகம் குறையவில்லை. மீதி கல்லறைக்கும் (பயன்படுத்தி முடித்த அட்டைகளின் குவியல்) தடுப்பு மந்திரங்களுக்கும்.

இன்னும் தீராத தலைவலி பச்சை டெக் ஆடுபவரின் வெதர் த ஸ்டார்ம். அது 3 உயிர் தரும், அதே திருப்பத்தில் அதற்கு முன் வீசிய ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஒரு நகலும் கூடும். நான் ஒரே திருப்பத்தில் மூன்று மந்திரம் வீச, அவர் பதிலுக்கு 12 உயிரை ஏற்றிக்கொண்டு சிரித்தார். இனி அவர் முன்னால் ஒவ்வொன்றாகத்தான் வீசப் போகிறேன்.