பிரான்ஸ் ரெட் வைன் வாயை இழுத்துப் பிடிக்கிறது: பழுதா, இல்லை இப்படித்தானா?

கொக்குவில்காரன்:
பாரிஸில் இருந்து வந்த அத்தான் இரண்டு போத்தல் தந்துவிட்டுப் போனார். ஒன்று 2019 போர்தோ ரெட் வைன், மற்றது ஷாம்பெய்ன். "நல்ல சாமான், ஆறுதலா ரசிச்சுக் குடி" என்றவர், எப்படி ரசிப்பது என்று சொல்லவில்லை. அம்மாவின் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று இரண்டையும் துணியில் சுற்றி மேல்மாடி அறையில் அலுமாரிக்கு மேலே வைத்தேன். ஐந்து மாதம் அங்கேதான் நின்றன.

போன சனிக்கிழமை கூட்டாளிகள் இரண்டு பேர் வர, கணவாய்ப் பிரட்டலோடு ரெட் வைனை உடைத்தோம். முதல் மிடறிலேயே பச்சைப் பாக்கைக் கடித்தது போல நாக்கையும் முரசையும் இழுத்துப் பிடித்தது, தொண்டையில் எரிவு வேறு. ஒருவன் "விலை கூடின வைன் எண்டால் இப்படித்தான்ரா" என்றான், மற்றவன் பேசாமல் சோடாவை ஊற்றிக் கலந்தான். அரைப் போத்தல் அப்படியே மிச்சம்.

அது பழுதா, இல்லை வைனே அப்படித்தானா? அடுத்த மாதம் அக்காவின் கலியாண நாளுக்கு வீடியோவில் அத்தான் பார்த்திருக்க ஷாம்பெய்னை உடைக்க வேண்டும். எப்படி இருக்கிறது என்று கட்டாயம் கேட்பார். "நல்லா இருக்கு அத்தான்" என்பதைத் தவிர வேறு ஏதாவது சொல்ல ஆசை.

லாச்சப்பல்:
தம்பி, பாரிஸில் கோப்பை கழுவப் போய் இப்போது மேசைக்கு வைன் ஊற்றுகிற ஆள் நான், அதனால் சொல்கிறேன்.

துவர்ப்பு பழுது இல்லை. திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து வருகிற டானின் அது, கடுஞ்சாயத் தேத்தண்ணியில் இருக்கிற அதே சங்கதி. போர்தோவில் ஆற்றுக்கு இடது கரை வைன் என்றால் கபெர்னே சோவின்யோன் திராட்சை கூட, இளசாக இருக்கும்போது நல்லாய் இழுக்கும். வலது கரையில், சாந்த் எமிலியோன், பொமெரோல் பக்கம், மெர்லோ கூட, கொஞ்சம் மெதுமை. பூர்கோஞ்ன் என்கிற மற்றப் பகுதியில் பினோ நுவார் திராட்சை, அதில் துவர்ப்பு இன்னும் குறைவு. டானினுக்குக் கொழுப்பும் இறைச்சியும் வேண்டும். நீங்கள் உறைப்புக் கணவாயைக் கொடுத்திருக்கிறீர்கள், உறைப்பு அந்த எரிவை இரண்டு மடங்காக்கும். ஆட்டு விலா வாட்டி உறைப்புக் குறைவாகத் தின்று பாருங்கள், அதே வைன் வேறு ஆளாகிவிடும்.

அப்புறம் வெப்பம். ரெட் வைனை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்று சொல்வது இங்கத்தைக் கல்வீட்டு அறையை வைத்து, 16 முதல் 18 பாகை. யாழ்ப்பாணத்து அறை 30. அந்தச் சூட்டில் மதுசாரம்தான் முதலில் மூக்கில் ஏறும். குடிக்க முதல் அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம் பிரிட்ஜில் வையுங்கள்.

பழுதா என்று மூக்குத்தான் சொல்லும். நனைந்த காட்போட் பெட்டி மணம் என்றால் தக்கையில் கோளாறு. வினாகிரி என்றால் காற்றுப் பட்டுப் புளித்துவிட்டது. காய்ச்சிய ஜாம் போல மணத்தால் வெக்கை தின்றுவிட்டது. தக்கையை எறியவில்லை என்றால் எடுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் வைன் கறை உச்சி வரை ஏறியிருந்தால் அலுமாரி உச்சிதான் காரணம்.

வடமராட்சிக் கிழவன்:
பிளாக்கரன்ட் பழம், சீடர் மரம், தோல் வாசம் என்று வைனைப் பற்றி எழுதுகிறவர்கள் சொல்வதைப் பார்த்துப் பயப்படாதையும். அந்தப் பழத்தைக் கண்ணால் கண்டிராத நாங்கள் ஏன் அதன் பேரைச் சொல்ல வேண்டும்? நாவற்பழம் தின்றிருக்கிறீர்தானே, நாக்கு ஊதாவாகி, இனிப்பும் புளிப்பும் போன பிறகு துவர்ப்பு மட்டும் நிற்குமே, அந்த நிற்கிற நேரத்தை எண்ணும். வைனிலும் அதுதான் கணக்கு: விழுங்கின பிறகு ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது, நிற்கிறது நல்லதா கூடாததா. விடியக் கள்ளுக்கும் பின்னேரக் கள்ளுக்கும் வித்தியாசம் பிடிக்கிற நாக்கு இதையும் பிடிக்கும்.

படித்தவர்களே ஏமாந்த கதை இருக்கிறது. போர்தோவில் வைன் படித்த 54 மாணவர்களுக்கு வெள்ளை வைனில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுக்க, ரெட் வைனுக்குச் சொல்கிற வார்த்தைகளை எடுத்துவிட்டார்கள். 2001 இல் வந்த ஆய்வு. பெரிய பெரிய ஷாத்தோ (போர்தோ வைன் தோட்டம்) என்று ஆட்டுகிற தரவரிசையும் 1855 இல் பாரிஸ் கண்காட்சிக்காகத் தரகர்கள் சந்தை விலையைப் பார்த்துப் போட்டதுதான். 1973 இல் மூத்தோன் ரோத்ஷில்ட் முதல் வரிசைக்கு ஏறியதைத் தவிர அதில் பெரிய மாற்றமே இல்லை. போத்தலைத் துணியால் மூடிவிட்டுக் குடித்துப் பாரும்.

எப்பர்னே அக்கா:
கிழவன் சொல்வது பாதி சரி. ஆனால் ஒன்றையும் படிக்காமல் குடித்தால் ஷாம்பெய்னில் மாட்டுப்படுவீர்கள் தம்பி. நான் இங்கே ஷாம்பெய்ன் பகுதியில் திராட்சை வெட்டப் போனவள், ஷாம்பெய்னுக்குக் கையால்தான் வெட்ட வேண்டும், மெஷின் விடமாட்டார்கள்.

லேபலில் "ப்ரூட்" என்று இருந்தால் லீற்றருக்கு 12 கிராமுக்குள்தான் சீனி. "எக்ஸ்ட்ரா ட்ரை" என்பது பேரைப் பார்த்தால் இன்னும் சீனி குறைவு போலத் தெரியும், உண்மையில் ப்ரூட்டை விட இனிப்பு. கேக்கோடு குடிப்பதென்றால் "டெமி செக்" வேண்டும், 32 முதல் 50 கிராம் வரை. ப்ரூட்டைக் கேக்கோடு குடித்தால் வெறும் புளிப்பாகத் தெரியும், எல்லாரும் முகத்தைச் சுழிப்பார்கள், அத்தான் அதை வீடியோவில் பார்ப்பார். உழுந்து வடை, மிக்ஸர், பொரித்த இறால், இதுகள்தான் ப்ரூட்டுக்குச் சோடி.

வாசத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். ஷாம்பெய்ன் போத்தலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்து, அந்த மண்டியோடு மாதக்கணக்காகக் கிடக்கும். வருடம் போடாத போத்தலுக்கும் விற்க முதல் குறைந்தது 15 மாதம். அதனால் பாண் வாசம் வரும் என்பார்கள். எனக்கு முதல் தரமே கள்ளு விட்டுப் புளிக்க வைத்த அப்பத்து மாதான் ஞாபகம் வந்தது. அத்தானிடம் அப்படியே சொல்லுங்கள், சிரிப்பார், ஆனால் பிழை பிடிக்க மாட்டார்.

உள்ளே 5, 6 வளிமண்டல அழுத்தம் இருக்கிறது, கார் டயரை விட இரண்டு மடங்குக்கு மேல். சூடாக இருந்தால் பாதி நிலத்துக்குத்தான். இன்றைக்கே பிரிட்ஜில் வையுங்கள், 8 முதல் 10 பாகையில் குடிக்க வேண்டும். தக்கைக்கு மேல் கட்டியிருக்கிற கம்பியை அரைத் திருப்பாக ஆறு தரம் திருப்பிக் கழற்றலாம், ஆனால் அப்போதிருந்து பெருவிரலைத் தக்கையில் இருந்து எடுக்க வேண்டாம். சரித்துப் பிடித்துத் தக்கையை அல்ல, போத்தலைத் திருப்புங்கள். சத்தமே வரக்கூடாது, பெருமூச்சு மட்டும். கிளாஸைச் சவர்க்காரம் போக வடிவாக அலசுங்கள், சவர்க்காரம் நின்றால் குமிழி எழும்பாது, கள்ளச் சாமான் என்று அத்தானைத்தான் திட்டுவீர்கள்.

கொக்குவில்காரன்:
எல்லாருக்கும் நன்றி. தக்கை குசினி லாச்சிக்குள் கிடந்தது, லாச்சப்பல் அண்ணை சொன்னபடி ஒரு பக்கத்தில் கறை உச்சி வரை ஏறியிருக்கிறது. மிச்ச வைனை மணந்து பார்த்தேன், முதலில் ஜாம், பிறகு வினாகிரி. ஆக துவர்ப்பில் பிழையில்லை, என்னில்தான் பிழை.

ஷாம்பெய்னைப் பேப்பரில் சுற்றிப் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் மரக்கறிக்குப் பின்னால் படுக்க வைத்தேன். அடுத்த நாளே அம்மா கண்டுபிடித்துவிட்டார். பிரான்ஸ் சோடா என்று சொன்னேன். "சோடாவுக்கு ஏன்டா கம்பி கட்டியிருக்கு?" என்று கேட்டார், இன்னும் பதில் சொல்லவில்லை.