புதியவருக்கு எளிய கதாபாத்திரம் கொடுத்த அனுபவம் உண்டா?

கூர்வாள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு கதாபாத்திரமாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு, 2014 புத்தகம், மூன்றாம் லெவல். நான்தான் டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துபவன். என் சித்தப்பா மகளுக்கு அது முதல் ஆட்டம். அவளைக் குழப்பக் கூடாது என்று நானே உட்கார்ந்து ஒரு ஃபைட்டரை, அதாவது போர்வீரரை, சாம்பியன் என்ற எளிய பிரிவில் தயார் செய்து கொடுத்தேன். பக்கத்தில் இருந்தவரின் விசார்டுக்கு (மந்திரவாதி) இரண்டு தாள் நிறைய மந்திரங்கள். இவளுக்கு ஒரு நீள்வாள், ஒரு கேடயம், அவ்வளவுதான்.

மூன்று மணி நேரம் ஓடியது. முறை வரும்போதெல்லாம் "வெட்டுகிறேன் அண்ணா" என்றாள். பாதி ஆட்டத்துக்குப் பிறகு தாளின் ஓரத்தில் பென்சிலால் கோடு போடத் தொடங்கினாள். பால்கணக்கு எழுதுவது போல நான்கு நேர்க்கோடு, குறுக்கே ஒன்று. வெட்டுக்கு ஒரு கோடு. நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியில் ஓகர் என்ற பூதம் வந்தது. இருபது முகப் பகடையில் அவளுக்கு 19 விழுந்தது. "பட்டதா?" என்றாள். "பட்டது" என்றேன். எட்டு முகப் பகடையை உருட்டினாள்: 5. வலிமைக்கு 3 சேர்த்து 8. ஓகருக்கு இன்னும் 4 உயிர்ப்புள்ளி மிச்சம். அடுத்த முறையில் அது எங்கள் கிளெரிக்கை (பூசாரி) ஒரே அடியில் சாய்த்தது.

சாம்பியனுக்கு 19 விழுந்தாலும் கிரிட்டிக்கல்தான், அதாவது பலத்த அடி. எட்டு முகப் பகடையை இரண்டு தடவை உருட்டியிருக்க வேண்டும். மூன்றாம் லெவலில் அந்தப் பிரிவு தரும் சிறப்பே அது ஒன்றுதான், அதைத்தான் மறந்திருக்கிறேன். வீட்டுக்குத் திரும்பும்போது சிக்னலில் நின்றபோது நினைவுக்கு வந்தது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஓநாய்க்காரன்

என்னுடையது நேர்மாறு. ஐந்தாம் லெவல் ட்ரூயிட் (இயற்கை மந்திரக்காரர்). விலங்குகளை வரவழைக்கும் மந்திரத்தில் எட்டு ஓநாய்களைக் கேட்டேன், டிஎம்மும் கொடுத்துவிட்டார். கூட்டாளி அருகில் நின்றால் ஓநாய் இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுத்துக்கொள்ளும். ஆக, ஒரு சுற்றுக்கு 16 உருட்டல். பட்டால் சேதக் கணக்கு, பிறகு எதிரி கீழே விழுகிறானா என்று இன்னொரு உருட்டல்.

ரோக் (திருடன்) ஆடிய நண்பர் எழுந்துபோய்ப் பால் காய்ச்சி, ஐந்து பேருக்கும் டீ போட்டு எடுத்து வந்தார். என் முன்னால் டம்ளரை வைத்து, "இது எத்தனையாவது ஓநாய்?" என்றார். ஆறாவது. ஒருவரும் சிரிக்கவில்லை. 2024 புத்தகத்தில் அந்த மந்திரத்தைத் தனித்தனி விலங்குகளாக இல்லாமல் ஒரே கூட்டமாக மாற்றிவிட்டார்கள். படித்தபோது என்னை மனத்தில் வைத்தே எழுதியதாகத் தோன்றியது.

விதிப்புத்தகம்

கூர்வாள், இதில் சாம்பியன்மேல் குற்றமில்லை. இரண்டாம் லெவலிலேயே ஃபைட்டருக்கு ஒரே முறையில் கூடுதலாக ஒரு செயல் உண்டு. முதல் லெவலிலிருந்தே தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் திறனும் உண்டு. இவற்றையாவது அவருக்குச் சொன்னீர்களா?

அடுத்த முறை ஃபைட்டரின் இன்னொரு பிரிவான பேட்டில் மாஸ்டரைக் கொடுங்கள். மூன்று உத்திகள், நான்கு எட்டு முகப் பகடைகள். எதிரியைத் தள்ளலாம், விழவைக்கலாம், ஓய்வெடுத்தால் பகடைகள் திரும்பி வரும். ஒவ்வொரு திறனையும் ஓர் அட்டையில் எழுதுங்கள், பயன்படுத்தியதும் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். கையில் நான்கு அட்டை இருந்தால் யாரும் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். 2008இல் வந்த நான்காம் பதிப்பு இதைத்தான் செய்தது: ஃபைட்டருக்கும் விசார்டுக்கும் ஒரே மாதிரித் திறன்கள், எப்போதும் செய்யக்கூடியவை, மோதலுக்கு ஒருமுறை, நாளுக்கு ஒருமுறை. சண்டை இழுத்துக்கொண்டே போகிறது என்று அப்போது எல்லோரும் திட்டினார்கள், 2010இல் எளிய ஃபைட்டர்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். என்னைக் கேட்டால் அது பின்வாங்கல். 2024 புத்தகத்தில் எல்லா ஃபைட்டருக்கும் ஆயுதத் தேர்ச்சி வந்துவிட்டது, நீள்வாள் பட்டாலே எதிரியின் அடுத்த தாக்குதல் பலவீனப்படும். அதையாவது எடுத்து ஆடுங்கள்.

என் அனுபவம்: ஒருமுறை சாம்பியன் ஆடினேன். தூங்கிவிட்டேன்.

சனிக்கிழமை ஃபைட்டர்

நீங்கள் தூங்கினால் ஊரே தூங்கியதாக அர்த்தமா, விதிப்புத்தகம்?

நான் பல வருடமாக ஆடுகிறேன். சாம்பியனை நானே விரும்பித்தான் எடுக்கிறேன். வாரம் முழுவதும் அலுவலகத்தில் எக்செல் பார்த்துவிட்டு, சனிக்கிழமை இரவு இன்னொரு அட்டவணையைப் பார்க்க என்னால் முடியாது. என் முறை பத்து நொடியில் முடியும். மீதி நேரம் மற்றவர்கள் பேசுவதைக் கேட்கிறேன், என் ஃபைட்டருக்கும் கதையில் வரும் ஒரு தூங்குமூஞ்சிக் கழுதைக்கும் நடக்கும் சண்டையைத் தொடர்கிறேன்.

எனக்கு உறுத்துவது வேறு. ஒருநாள் டிஎம் என்னைத் தனியே அழைத்து, "பாவம், உங்களுக்குச் செய்ய ஒன்றுமே இல்லையே" என்று ஒரு மந்திர வாளை நீட்டினார். நாளுக்கு மூன்று தடவை இது, ஒரு தடவை அது, எண்ணிக்கை குறித்துவைக்க வேண்டும். நல்ல மனதோடுதான் கொடுத்தார். அடுத்த ஆட்டத்திலேயே அந்த வாளை ஆற்றில் தவறவிட்டேன். தவறவிட்டதாகத்தான் அவருக்குச் சொன்னேன்.

விளக்கெண்ணெய்

ஒருநாள் மட்டும் இதே விளையாட்டின் 1981 பேசிக் தொகுப்பில் ஆடினோம். அதில் எல்ஃபும் குள்ளரும் இனமல்ல, ஃபைட்டர் போலத் தனி வகுப்பு. பத்து நிமிடத்தில் பாத்திரம் தயார், உயிர்ப்புள்ளி பூஜ்யமானால் மரணம். எங்கள் மேசையில் ஒருவருக்கு உயிர்ப்புள்ளி இரண்டு. எட்டு முகப் பகடையில் அதுதான் விழுந்தது.

அவர் தன் தாளை முன்னும் பின்னும் புரட்டினார். பின்பக்கம் வெறும் காகிதம். "இந்த எண்ணெய்க் குடுவையைப் படிக்கட்டில் ஊற்றினால் என்ன ஆகும்?" என்றார். நான்கு கோப்ளின்கள் (குட்டிப்பூதங்கள்) வழுக்கி விழுந்தன. தாளில் திறன் பட்டியல் இருந்திருந்தால் அதிலேயே விரலை வைத்துத் தேடிக்கொண்டிருந்திருப்பார்.

விதிப்புத்தகம்

அது டிஎம் தாராளமாக நடந்துகொண்டதால். எல்லா டிஎம்மும் கோப்ளினை வழுக்கவிட மாட்டார். தாளில் எழுதியிருந்தால் அது என் உரிமை, எழுதாவிட்டால் அவர் தயவு. பேட்டில் மாஸ்டர் எதிரியை விழவைக்க யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டாம்.

விளக்கெண்ணெய்

மறுக்கவில்லை. ஆனால் அன்று எல்லோரும் எழுந்து நின்றோம். அடுத்த அறையில் அவர் செத்துப்போனார், அது வேறு கதை.

கூர்வாள்

விதிப்புத்தகம், கூடுதல் செயலைச் சொன்னேன். ஆற்றிக்கொள்வதைச் சொல்லவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

நேற்று அவளிடம் சொல்லிவிட்டேன். 19 விழுந்தால் இரண்டு பகடை, தப்பு என்னுடையது என்று எழுதி அனுப்பினேன். "அப்படியென்றால் அந்தப் பூதம் செத்திருக்குமா அண்ணா?" என்று பதில் வந்தது. இரண்டாவது பகடையில் 4 அல்லது அதற்கு மேல் விழுந்திருந்தால் செத்திருக்கும். எட்டில் ஐந்து வாய்ப்பு. தட்டச்சு செய்தேன், அழித்தேன், மறுபடி தட்டச்சு செய்து அனுப்பினேன்.

சிறிது நேரத்தில் ஒரு படம் வந்தது. அதே தாள், ஓரத்தில் 21 கோடுகள், கடைசிக் கோட்டைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில் எட்டு முகப் பகடை. எங்கிருந்து வாங்கினாள் என்று தெரியவில்லை. உருட்டியிருக்கிறாள்.

3.

ஒரு புள்ளியோடு ஓகர் இன்னும் நிற்கிறது என்று பதில் போட்டேன். இருபத்திரண்டாவது கோட்டைப் போட்டு இன்னொரு படம் அனுப்பியிருக்கிறாள்.